திருப்பித் தரவும் என்று எழுதியிருந்தது

அன்பு மகனுக்கு,

உன் செய்தி போன சனிக்கிழமை காலையில் வந்தது. மார்க்கெட்டில் நின்று மீன் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அம்மா, முடக்கி வச்சிருந்த பேங்க் அக்கவுண்ட தொறந்துட்டாங்கன்னு சொன்னீங்கல்ல. நான் மறுபடியும் யூஸ் பண்ணலாமா? இந்தத் தடவ ஆளுங்ககிட்ட விக்கிற வேலையே இல்ல. ரெண்டு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கு நடுவுல மட்டும்தான். ரிஸ்க் இல்லம்மா" என்று எழுதியிருந்தாய். மீன்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை. ஐந்து நாளாக நான் பதில் போடாததைக் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை, ஐயா. ஒரு வருடத்துக்கும் மேலாக உன்னிடம் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உன் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் "விடுங்கம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நான் ரகசியமாகவும் எழுதவில்லை. நம் தாமான் குடியிருப்பிலேயே இன்னும் இரண்டு மூன்று தாய்மார் தங்கள் வங்கிக் கணக்கைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நீ படித்த பிறகு அவர்களும் படிக்கட்டும்.

நீ இந்த வியாபாரத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? அப்போது நீ ஈப்போவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாய். நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள் இருந்தன. சமையல் மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, "அம்மா, ஒரே தேங்கா. பாகான் டத்தோல ஒன்னு அறுவது, ஈப்போல ரெண்டு வெள்ளி. அங்க வாங்கி இங்க வித்தா நாப்பது காசு. இதுல சூதாட்டம் எங்க இருக்கு? கிரிப்டோ விலை ஏறினா என்ன, எறங்கினா என்ன, எனக்குக் கவல இல்ல. நான் பாக்கறது வித்தியாசத்த மட்டும்தான்" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. யாருடைய நஷ்டத்திலும் வராத லாபம் என்று தோன்றியது. உன் அப்பா உயிரோடு இருந்தால் மூக்கைச் சுளித்திருப்பார், நான் புரிந்துகொண்டேனே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகும் முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை என்று பார்த்தாய். கடையில் ஓவர்டைம் செய்து வருகிற காசைவிட அதிகமாகவே வந்தது. பிறகு மெல்ல மெல்ல உன் முகம் மாறியது. ஒரு சந்தையில் வாங்கி இன்னொரு சந்தைக்கு அனுப்பி அது போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்திலும் விலை ஒன்றாகிவிடுகிறது என்றாய். பெரிய கம்பெனிகளின் இயந்திரங்கள் கண் சிமிட்டும் நேரத்தில் அந்த இடைவெளியைத் தின்றுவிடுகின்றன என்றாய். வாங்க ஒரு கட்டணம், அனுப்ப ஒரு கட்டணம், விற்க ஒரு கட்டணம், நம் ரிங்கிட் வெள்ளியாக மாற்றி வெளியே எடுக்க இன்னொரு கட்டணம். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு மிஞ்சுவது ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலக் காசு என்று நீயே சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. உன் பெரியப்பா இறந்த வீட்டில், சவப்பெட்டியைத் தூக்கும் நேரத்தில், நீ ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்தும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தப் பத்தொன்பது நாள். ஏதோ ஒரு சின்ன வெளிநாட்டுச் சந்தையில் மட்டும் ஒரு கிரிப்டோ நாணயத்தின் விலை மற்ற இடங்களைவிட நன்றாகக் குறைந்திருந்தது. உன் சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்கினாய். வெளியே எடுக்கப் போனால் பராமரிப்பு வேலை நடக்கிறது என்று கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். பத்தொன்பது நாள் கழித்துத் திறந்தபோது எல்லா இடத்திலும் அதன் விலை சரிந்துபோயிருந்தது. "கதவு சாத்தியிருந்ததாலதான்மா அங்க விலை கொறஞ்சிருந்திச்சு. நான் அத கவனிக்கல" என்றாய். அதோடு நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். நீ நிறுத்தவில்லை. ஆளுக்கு ஆள் விற்பதில்தான் இன்னும் இடைவெளி இருக்கிறது என்று அந்தப் பக்கம் திரும்பினாய். டாலர் மதிப்புள்ள நாணயத்தைச் சந்தையில் வாங்கி, அவசரமாகத் தேவைப்படுகிற தனி ஆட்களுக்கு ஒரு நாணயத்துக்கு நாலு காசு, ஐந்து காசு கூட வைத்து விற்பது. அவர்கள் உன் வங்கிக் கணக்கில் பணம் போடுவார்கள், நீ நாணயத்தை விடுவிப்பாய். உன் கணக்கில் நாளுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு போதாமல் போனதும் என் கணக்கைக் கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. என் ஓய்வுப் பணம் இருந்த கணக்கு அது. "எடுத்துக்கடா" என்றேன்.

நீ கவனமாகத்தான் இருந்தாய். இதை நான் எல்லோருக்கும் தெரியச் சொல்ல வேண்டும். பணம் வந்த செய்தி என் போனுக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் நீ கூப்பிட்டு, "அனுப்புனவர் பேர் என்னம்மா? கீழ ஏதாச்சும் எழுதியிருக்கா?" என்று கேட்பாய். வாங்குகிறவர் பெயரும் பணம் போட்டவர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் நாணயத்தை விடுவிப்பாய். இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாய். இரண்டு முறை அப்படி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உன் அத்தை. உன் சம்பாத்தியத்தைப் பற்றித்தான் அவளிடம் அளந்துகொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. எட்டாயிரம் வெள்ளி வந்திருந்தது. உடனே நீ கூப்பிட்டாய். பெயரைப் படித்தேன். "பேரு வேறயா இருக்கே. வாங்குறவன் இது அவனோட மாமான்னு சொல்றான். அஞ்சு காசு கூடத் தர்றான், ரொம்ப அவசரம்ங்கிறான். கீழ ஏதும் எழுதியிருக்காம்மா?" என்று கேட்டாய். எழுதியிருந்தது. மலாயில், 'சோதித்த பிறகு தயவுசெய்து திருப்பித் தரவும்' என்று எழுதியிருந்தது. நான் அதை முழுவதும் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உன் அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் முழுக்க நீ வாடிப்போயிருந்தாய், அன்றைக்குத்தான் உன் குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்தது. "ஒன்னும் இல்லலா, காசு வந்துருச்சு, விடு" என்றேன்.

இதுதான் நான் மறைத்தது. என் பணத்தாசையால் சொன்னேனா, அவசரத்தில் சொன்னேனா என்று இத்தனை நாள் என்னை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். புரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். புரிந்துகொண்டால் அந்த நாள் கெட்டுப்போகும். நீ நாணயத்தை விடுவித்தாய். அந்த எட்டாயிரத்தில் உனக்குக் கிடைத்த லாபம் தொண்ணூறு வெள்ளி சொச்சம்.

மூன்று வாரம் கழித்துக் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் போலீஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒரு மோசடிக்காரன் ஒரு வயதானவருக்குப் போன் போட்டு, உங்கள் பெயர் ஒரு வழக்கில் மாட்டியிருக்கிறது, உங்கள் பணத்தைச் சோதிக்க வேண்டும், இந்தக் கணக்கில் போடுங்கள் என்று என் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறான். பெரியவர் எனக்குப் பணம் போட்டார். நீ மோசடிக்காரனுக்கு நாணயம் கொடுத்தாய். அவன் முகம் தெரியாமல் போய்விட்டான். நம் பெயர்தான் மிச்சம். அங்கிருந்த தமிழ் போலீஸ் சார்ஜன் நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போட்டு, "அம்மா, அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கு. காசு உங்களுக்குத்தான் வந்திருக்கு. நீங்க பாத்தீங்களா, இல்லையா? அதச் சொல்லுங்க" என்று மெதுவாகத்தான் கேட்டார். நீ கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய். நான், "எனக்கு ஒன்னும் தெரியாது சார். எல்லாம் என் மவன்தான் பாக்கறான்" என்றேன். உனக்குக் கேட்டது. நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். உன் வாக்குமூலத்தில் 'நான்தான் சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டேன்' என்று சொன்னாயாம். சார்ஜன் பிறகு சொன்னார்.

உன்னை நான்கு நாள் உள்ளே வைத்து விசாரித்தார்கள். பிறகு, நீயும் ஏமாற்றப்பட்டவன்தான், சாட்சியாக வைத்துக்கொள்கிறோம் என்று விட்டார்கள். வெளியே வந்த உனக்கு வயது ஏறியிருந்தது. கடையில் மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. பேசி முடித்திருந்த பெண் வீட்டார் நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், அப்புறம் சொல்லவே இல்லை. "நான் இன்னும் ஒரு தடவ கேட்டிருக்கணும்மா. எப்பவும் கேப்பேன். அன்னைக்கு ஏன் கேக்கலன்னு தெரியல" என்று நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய். நீ கேட்டாய், ஐயா. நீ சரியாகத்தான் கேட்டாய். அதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. நீ ஷா ஆலாமில் கிடங்கு வேலைக்குப் போன அன்று, பஸ் நிலையத்தில், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். உன் பையின் ஜிப் உடைந்திருக்கிறதே என்று அதைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

என் வாழ்க்கையில் இது முதல் தடவை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாம் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது உனக்கு ஐந்து வயது. உன் அப்பா கொஞ்ச நாள் கட்டிப்பால் வாங்கி விற்றார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்துபோன ரப்பர் பாலை யாரோ ஒருவன் மூட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பான், பட்டணத்துக் கடையில் கொடுக்கும் விலையைவிட மிகக் குறைவாக. அப்பா அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சுங்காயில் விற்பார். "ஏங்க இவ்ளோ மலிவா தர்றான்?" என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "அவனுக்கு அவசரம்" என்றார். நான் மேலே கேட்கவில்லை. அந்தக் காசில்தான் உனக்கு மூன்று சக்கர வண்டி வந்தது. இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவைத் தோட்டக் கணக்கு பார்க்கும் கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் பால் வெட்டும் மர நிரையில் மங்குகள் வெறுமையாக இருந்தனவாம், அவளே எடுத்து விற்கிறாள் என்று சம்பளத்தில் பிடித்தார்கள். வாசலில் உட்கார்ந்து அழுதாள். நான் போய் அவளுக்குப் பாலில்லாத வரக்கோப்பி போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா அந்த வாரமே வியாபாரத்தை விட்டுவிட்டார், அதைப் பற்றி நாங்கள் இருவரும் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. லெட்சுமி அக்கா இப்போது உயிரோடு இல்லை.

திங்கட்கிழமை நான் பாகான் செராய்க்குப் போனேன். அந்தப் பெரியவரைத் தேடித்தான். போலீஸ் நிலைய வராந்தாவில் ஒரு நாள் அவரைப் பார்த்திருந்தேன். யாரிடமோ, மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்ன மளிகைக் கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ் முஸ்லிம். எழுபதுக்கு மேல் இருக்கும். முன்பு சாப்பாட்டுக் கடை நடத்தியவர். இரண்டு பஸ் மாறிப் போய் விசாரித்ததும் கடையைக் காட்டிவிட்டார்கள். என் கணக்கிலிருந்து எடுத்த எட்டாயிரத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். பெயரைச் சொன்னதும் அவர் முகம் இறுகிப்போனது. ஆனாலும் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"ஒங்க பையனா எனக்குப் போன் பண்ணினது?" என்றார்.

"இல்ல பாய். அவன் காசு வாங்கினான். அவனையும் ஏமாத்திட்டாங்க. ஆனா என்னைய யாரும் ஏமாத்தல. நீங்க எழுதினத நான் படிச்சேன். படிச்சிட்டு, ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டேன்."

ஒரு பெண் வந்து முட்டை வாங்கிக்கொண்டு போனாள். அவர் சில்லறை கொடுத்தனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்போ ஒருத்தராச்சும் படிச்சிருக்கீங்க" என்றார். "அத எழுதிப் போட்டுட்டு, யாராச்சும் படிப்பாங்களா, மாட்டாங்களான்னு ரெண்டு நாள் சாப்பிடல தங்கச்சி. கண்ணு ஆப்பரேஷனுக்கு வச்சிருந்த காசு. பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லல. சொன்னா போனப் புடுங்கிருவாங்க. வாப்பாவுக்குப் புத்தி போச்சுன்னுருவாங்க. இப்ப ஒரு கண்ணுதான் தெளிவாத் தெரியுது."

பணத்தை எடுத்து மேசையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேனோ என்னவோ, அவர் சொல்லவில்லை. எடுத்து உள்ளே வைத்தார். மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. நான் எழுந்தபோது, "ஒங்க பையன் இப்ப என்ன செய்றான்?" என்று கேட்டார். கிடங்கில் வேலை என்றேன். "நல்லது. அவன்கிட்ட இதச் சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பக்கமும் நெல்வயல். ஒன்றும் பார்க்கத் தோன்றாமல் மடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நீ, அதனால் நீ சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன். எல்லோருக்கும் திறந்திருக்கிற பெரிய சந்தைகளுக்கு நடுவே இடைவெளி கிட்டத்தட்ட இல்லை என்றாய். இருப்பதை இயந்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. இப்போது நீ தானாகவே வாங்கி விற்கிற ஒரு இயந்திர நிரலை மாத வாடகைக்கு எடுத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அது உண்மையிலேயே காசு கண்டுபிடிக்கும் என்றால் அதை உனக்கு ஏன் வாடகைக்கு விடுகிறார்கள்? பெரிய இடைவெளி தெரிகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, சரி. அதைப் பெரிய கம்பெனிகள் ஏன் எடுக்காமல் விட்டு வைத்திருக்கின்றன என்று கேட்டுப் பார். கதவு சாத்தியிருக்கும். அல்லது அந்தச் சந்தையே மூழ்கிக்கொண்டிருக்கும். அல்லது விலைக்கு மேல் கொடுத்து வாங்குகிறவனுக்குத் தன் பெயர் வெளியே தெரியக்கூடாது என்ற காரணம் இருக்கும். அந்த ஐந்து காசு உன் திறமைக்குக் கிடைத்த கூலி இல்லை, ஐயா. யாரோ சுமக்க வேண்டிய ஆபத்தை உன் தலைமேல் ஏற்றி வைக்கக் கொடுத்த காசு. முதல் வருடத்தில் நீ சம்பாதித்தது நேர்மையான காசுதான். அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஒரு மடிக்கணினியோடு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கிற ஒரு தனி ஆளுக்கு, வேலை முடிந்து வருகிற நேரத்தையும் தூக்கத்தையும் கொடுத்துச் செய்ய, இதில் இப்போது மிச்சம் ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம். நீ வளர்ந்தவன், உன் காசில் நீ செய்து பார்ப்பதை நான் தடுக்க முடியாது. ஆனால் என் கணக்கு கிடையாது. செவ்வாய்க்கிழமை போய் அதை மூடிவிட்டேன்.

நேற்று, புதன்கிழமை, போலீஸ் நிலையத்துக்கும் போனேன். அதே சார்ஜன்தான் இருந்தார். நான் முன்பு சொன்னது பொய், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்து, "அது முடிஞ்சுபோன விசயம்மா. அந்த ஆளு கிடைக்கவே மாட்டான். நீங்க ஏன் வீணா அலையிறீங்க? வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். நான் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தவர் நான் இன்னும் இருப்பதைப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கணினியைத் திறந்தார். மகன் கேட்டான், நான் படித்தேன், படித்துவிட்டு இல்லை என்று சொன்னேன் என்று சொல்லச் சொல்ல அவர் மலாயில் தட்டெழுதினார். இதனால் எனக்கு ஏதாவது வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், மேலதிகாரிதான் முடிவு செய்வார் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வீட்டுக்கும் நான் போவேன். அவர்கள் மனம் மாற வேண்டும் என்பதற்காக இல்லை. நீ கவனமில்லாதவன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக.

இதைப் படித்து முடிக்கும்போது உனக்கு என்மேல் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. நான்கு நாள் அந்த அறையில் நீ தரையில் படுத்திருந்தபோது, உன் குற்றம் என்ன என்று தேடிக்கொண்டே இருந்திருப்பாய். இல்லாததைத் தேடியிருக்கிறாய். அதற்கு நான் என்ன சொல்லி ஈடுகட்ட முடியும்? ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனில் "பரவால்லம்மா" என்று சொல்லிவிடாதே. என்னால் அதைத் தாங்க முடியாது. லீவு கிடைக்கும்போது வீட்டுக்கு வா. வந்து கத்தினாலும் சரி, பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் சரி. கோபம் ஆறட்டும், பிறகு போகலாம் என்று மட்டும் நினைக்காதே. கோபத்தோடேயே வா.

அம்மா